நாலரை மணி ஆட்டம்

அக்கராயனில் இருந்து ஆடைத் தொழிற்சாலை பஸ்
ஐந்து பத்துக்கு.
ரொறொன்ரோவில் ஆட்டம் தொடங்குவது, எங்கள் நேரப்படி,
நாலரைக்கு.
தேத்தண்ணி கொதிக்க முதல் கால்வாசி,
தலை பின்ன இரண்டாவது,
மிச்சமெல்லாம் பஸ் ஜன்னலோரம்,
வயரின் ஒரு முனை என் காதில்,
மற்றது நிதுர்சனாவின் காதில்.

முதலில் இதைச் சொல்லவேணும்:
அந்த நெட்டையனை வேறு அணிக்கு மாற்றினது பிழை.
பதினொரு வருஷம் கூடைக்குக் கீழே நின்றவன்.
அவனுக்குப் பதிலாக இரண்டு பெடியள்,
கூடவே, எங்கேயோ இன்னும் படித்துக்கொண்டிருக்கிற
பெயர் தெரியாத ஒருத்தனின் வருங்காலம்.
கோகுலன் அண்ணா ஸ்காபரோவில் இருந்து குரல் அனுப்புகிறார்:
"உனக்கு விளங்காது, கணக்குப்படி நல்ல பேரம்."
கணக்கு எனக்கு விளங்கும் அண்ணா.
போன மாசம் என்னை நாலாம் லைனில் இருந்து
ஏழாம் லைனுக்குத் தூக்கினவை.
பதிலுக்கு ஒரு ஓவர்லொக் மெஷினும்
பழக வந்த பிள்ளை ஒன்றும்.
கணக்குப்படி அதுவும் சரி.

முழங்கால் நோவு இல்லாமலே
ஓய்வெடுக்கிற நட்சத்திரத்தை எல்லாரும் திட்டுகினம்.
காசு கொடுத்து டிக்கெட் எடுத்த சனமாம்.
நான் அவன் பக்கம்.
ஒரு நாள் போகாவிட்டால் வரவுப்படி முழுக்க
வெட்டுப்படுகிற ஒருத்தி
வேறெந்தப் பக்கம் நிற்கிறது?
இருக்கட்டும் அவன், துவாயைக் கழுத்தில் போட்டுக்கொண்டு,
எங்களுக்கும் சேர்த்து.

மூன்று புள்ளி எறிவுதான் எரிச்சல்.
தூரத்தில் நின்று எறி, எறி, எறி.
நான் வலய மட்ட வலைப்பந்தில் கோல் சூட்டர்,
பந்தோடு ஒரு அடி கூடினாலே விசில்.
இவங்கள் நாலடி நடக்கிறாங்கள்
தேர் பார்க்கப் போகிற மாதிரி.
நடுவர் கூரையைப் பார்க்கிறார்.

பேஸ்போல் எனக்கு எல்லே வழியாக வந்தது.
மூங்கில் பொல்லு, மூன்று வாய்ப்பு, வெறுங்கால் ஓட்டம்.
இப்ப அங்கே எறிகிறவனுக்கு மணிக்கூடு வைத்திருக்கினம்.
தளத்தில் ஆள் இல்லாவிட்டால் பதினைந்து விநாடி.
ஆட்டம் கெதியாய் முடியுதாம், எல்லாருக்கும் சந்தோசமாம்.
ஒரு கொலருக்கு முப்பத்தெட்டு விநாடி எங்களுக்கு.
பின்னால் நிற்கிற சுபாங்கி மிஸ்ஸின் கையிலும்
அதே மணிக்கூடு.
அவன் தொப்பியைக் கழற்றிப் போட்டு,
மண்ணைக் காலால் கிளறி,
பந்தை உள்ளங்கையில் உருட்டிக்கொண்டு நின்ற நேரம்தான்
நான் இந்த விளையாட்டில் விரும்பினது.
உலகத்தில் ஒரு வேலையாவது
அப்படி நடந்துகொண்டிருந்தது.

ஆனால் ஸ்ட்ரைக்கா இல்லையா என்று
மெஷினைக் கேட்கிறதுக்கு நான் முழுச் சம்மதம்.
துணுக்காய் இறுதியாட்டத்தில் என் கால்
கோட்டுக்கு உள்ளேதான்.
விசில் ஊதினவர் எதிரணிப் பயிற்சியாளரின் மச்சான்.
எட்டு வருஷம். இன்னும் அந்தக் கோடு கனவில் வருது.
முரண் என்றால் முரண்தான்.

முறிகண்டியில் பஸ் நிற்கும்.
ட்ரைவர் இறங்கிக் கற்பூரம் கொளுத்துவார்.
நான் ஐந்து ரூபாய்க் குத்தி ஒன்று கொடுத்து விடுவேன்,
எந்த அணிக்கு என்று பிள்ளையாருக்கும் சொல்லாமல்.
நிதுர்சனா கச்சான் வாங்குவாள்.
அந்த மைதானத்திலும் சனம் கச்சான்தான் கொறிக்குது,
கோதை நிலத்தில்தான் போடுது.

இன்றைக்கு நாலாவது இன்னிங்ஸ்.
மூன்று தளத்திலும் எங்கள் ஆக்கள்.
அடிக்க வந்தவன் காற்றை அடித்துவிட்டுப் போனான்.
திரையின் மூலையில் ஒரு எண் வந்தது.
"அது என்ன?"
வீட்டுத் தளத்துக்கு வந்து சேராமல் நின்றுபோன ஆக்கள்.
"வராத ஆக்களையும் எண்ணி வைப்பினமோ?"
ஓம். ஒவ்வொரு ஆட்டத்துக்கும்.
அவள் கச்சானை உடைக்காமல்
கையிலேயே வைத்திருந்தாள்.

அறிவியல் நகர் வாசல்.
ஐந்தாவது இன்னிங்ஸ், முதல் பந்து,
ஒருத்தன் உயர அடித்தான்.
சிக்னல் விழுந்து, படம் உறைந்து,
பந்து அந்தரத்தில் அப்படியே நின்றது.
போனை லொக்கருக்குள் வைத்துப் பூட்டினேன்.
மத்தியானச் சாப்பாடு வரைக்கும்
அது ஹோம் ரன்தான்,
ஆர் என்ன சொன்னாலும்.